கத்தரிக்கோலுக்கு வேலை

பித்தளைத் தட்டில் சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் கத்தரிக்கோலை வைத்து ஏந்தி வந்தார்கள். எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் மையத் திறப்பு விழா. இயந்திரங்கள் ஐந்து, பேச்சாளர்கள் பதினொரு பேர். தேரடியிலிருந்து மருத்துவமனை வாசல்வரை பிளக்ஸ். அத்தனை பிளக்ஸிலும் சேர்த்து ஒரே ஒரு டயாலிசிஸ் இயந்திரத்தின் படம் இருந்தது. அதுவும் ஓரத்தில், ஒன்றியச் செயலாளரின் காதுக்குக் கீழே, அவர் போட்ட கடுக்கன்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பேசியவர், “இந்த மாவட்டம்தான் நம் கட்சியின் சிறுநீரகம். கழிவையெல்லாம் வெளியே தள்ளிவிட்டோம்” என்றார். போன மாதம் எதிர்முகாமுக்குத் தாவிய ஒருவரைக் குத்துகிறார் என்று புரிந்துகொண்டு முன்வரிசை கைதட்டியது. அப்படித் தாவியவர்தான் ஆறு வருஷத்துக்கு முன் இதே மருத்துவமனைக்கு இதே மையத்தைக் கேட்டு மனுக் கொடுத்தவர் என்பது பின்வரிசைக்குத் தெரியும். பின்வரிசை கைதட்டவில்லை.

நான் பெரியப்பாவுடன் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா மூன்று வருஷமாக டயாலிசிஸ் ஆள். இடது கையில் சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்த பிஸ்டுலா, கயிறு முறுக்கியதுபோலப் புடைத்திருக்கும். விரலை வைத்தால் உள்ளே தேனீக்கூடு இரைவதுபோல ஒரு அதிர்வு. அந்த இரைச்சல் நின்றால் பிஸ்டுலா அடைத்துவிட்டது என்று அர்த்தம், அதனால் தூங்கப்போகும் முன் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் படுப்பார். மேடையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லச் சொன்னார்:

“ஏல, இவங்க பதினொரு பேருக்கும் கிட்னி ஜோரா இருக்கு போல. ரெண்டு மணி நேரமா ஒருத்தன் எந்திரிக்கலையே.”

“உங்களுக்கு?”

“எனக்கு அந்தத் தொல்லை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுல்லா.”

சிறுநீரே வராத ஆள் அடிக்கிற நகைச்சுவை அது. சிரிக்கத் தோன்றவில்லை.

அவருக்கு என்ன போயிற்று என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதுகுப் பக்கம் விலாவின் அடியில் கைமுட்டி அளவில் இரண்டு உறுப்புகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் வந்து போகிறது. நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடிக்கிறது, அதில் ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் கழிவோடு வெளியே விட்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பித் தருகிறது. ரத்த அணுவை உண்டாக்கச் சொல்லி எலும்பு மச்சைக்கு ஆள் அனுப்புவது, வைட்டமின் டி-யை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவது, ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்குவது, பொட்டாசியத்தையும் அமிலத்தையும் அளவில் நிறுத்துவது எல்லாம் கூடுதல் பணி. எங்கள் பேரூராட்சி வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் தண்ணீர் விடுகிறது. அதற்கு ஓர் அலுவலகம், ஒரு ஜீப், ஒரு டிரைவர்.

இந்த உறுப்பின் ஒரே குறை, அதற்குக் கத்தத் தெரியாது. பல் வலித்தால் ஊரைக் கூட்டும், வயிறு வலித்தால் சுருண்டு படுக்க வைக்கும். சிறுநீரகம் பாதி செத்த பிறகும் வாயைத் திறக்காது. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ‘நார்மல்’ என்ற கட்டத்தைத் தாண்டும் நேரத்தில் வடிகட்டும் திறனில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும். அந்தக் காலத்துத் தபால்காரர் சாவுச் செய்திக் கடிதத்தைப் பதினாறாம் நாள் கொண்டுவந்து கொடுப்பாரே, அப்படி. எங்கள் ஊரில் அதைக் கிரியேட்டினின் என்றுகூடச் சொல்வதில்லை. ‘ரத்தத்துல உப்பு ஏறிட்டு’ என்பார்கள். உப்பில் பிறந்து உப்பில் வளர்ந்த ஊர், உப்பால் சாவதை விதி என்று ஏற்றுக்கொள்ள இதைவிட வசதியான பெயர் கிடைக்காது.

ஆனால் கடிதம் வரும் முன்பே ஊர்ப்பேச்சு வந்துவிடும் வழி ஒன்று உண்டு. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பது. சின்னப் பட்டையை நனைத்தால் நிறம் மாறும். பட்டையின் விலை சில ரூபாய். வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தாலோ, இந்தப் புரதம் கசிந்தாலோ, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்குத்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். ஐந்து கட்டம். ஐந்தாவது கட்டம் 15-க்குக் கீழே, அங்கேதான் இயந்திரம் வருகிறது, பித்தளைத் தட்டு வருகிறது, பதினொரு பேச்சாளர்கள் வருகிறார்கள். முதல் மூன்று கட்டங்களில் இருப்பவனைக் காப்பாற்ற வேண்டியவை என்ன? சர்க்கரையை அடக்குவது, ரத்த அழுத்தத்தை அடக்குவது, உப்பைக் குறைப்பது, லோசார்டனோ டெல்மிசார்டனோ எனலாப்ரிலோ ஒரு மாத்திரை. இப்போது கூடவே டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரை இல்லாதவர்களுக்கும்கூட அது சிறுநீரகச் சிதைவை மெதுவாக்கும் என்று 2020-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. இந்தியாவில் அதன் காப்புரிமையும் முடிந்து விலை தரைக்கு வந்துவிட்டது. இதில் எதற்கு ரிப்பன் கட்டுவது? மாத்திரை அட்டைக்கா? சிறுநீர் பிடிக்கிற டப்பாவுக்கா? மாண்புமிகு ஒருவர் மூத்திரக் குப்பியைக் கையில் ஏந்திப் புகைப்படத்துக்கு நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அதனால்தான் ஐந்தாம் கட்டம்வரை பொறுமையாகக் காத்திருக்கிறோம்.

நியாயம் பேச வேண்டும். ‘வருமுன் காப்போம்’ என்று இந்த மாநிலம் 1999-லேயே பெயர் வைத்தது. 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது, வீட்டு வாசலில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை வந்தது. 2023-இல் சிறுநீரகத்துக்கென்றே ஒரு திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பட்டை நனைத்துப் பார்க்க. நல்ல திட்டங்கள், கெட்ட எண்ணத்தோடு வந்தவை அல்ல. எங்கள் ஊர் நிலையத்தில் போய்க் கேட்டேன். “பட்டை தீர்ந்துட்டு சார், இண்டென்ட் போட்டிருக்கோம்” என்றார் அந்தச் சகோதரி. திட்டத்தின் பெயர்ப் பலகை தீரவில்லை, புதுசாக இருந்தது.

இனி பெரியப்பா கதை. அவர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. முட்டி வலி. முட்டி வலிக்கு மருத்துவர் எதற்கு, மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி இருக்கிறாரே. ‘செட்’ கேட்டால் கொடுப்பார். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் செட் தெரியும். வெள்ளையாக வலி மாத்திரை ஒன்று, சின்னதாக ஸ்டீராய்டு ஒன்று, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று சிவப்பில் வைட்டமின் ஒன்று. அட்டையிலிருந்து வெட்டி, பெயர் தெரியாதபடி சின்னக் காகிதப் பையில். வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் இங்கேயும் உண்டு, ஆனால் விழா கிடையாது, தினமும் வேலை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். வெட்டும்போது கோடு அட்டையோடு போய்விடும், மாத்திரையில் கோடு இல்லை.

பெரியப்பா பதினாலு வருஷம் செட் சாப்பிட்டார். நல்ல உடம்புக்காரன் காய்ச்சலுக்கு இரண்டு நாள் போட்டுக்கொள்கிற வலி மாத்திரையைப் பற்றி நான் பேசவில்லை. சர்க்கரையும் அழுத்தமும் இருக்கிற, வெயிலில் நீர் வற்றிப்போன உடம்பைப் பற்றிப் பேசுகிறேன். உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரகத்துக்குள் ரத்தம் கொண்டுபோகும் குழாயை விரித்துப் பிடித்து வைக்க ப்ராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் ஒன்று ஓடி வருகிறது. வலி மாத்திரை வலியைத் தணிப்பதே அந்தப் பொருளை உடம்பு தயாரிக்க விடாமல் தடுத்துத்தான். குழாய் சுருங்குகிறது. முட்டிக்குச் சுகம், சிறுநீரகத்துக்குப் பட்டினி. இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “தம்பி, நான் கொடுக்கலேன்னா எதுத்த கடையில கொடுப்பான்” என்றார். இந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுக் கொள்கை முழுவதையும் இவ்வளவு சுருக்கமாக எந்த அதிகாரியும் சொல்லி நான் கேட்டதில்லை.

கால் வீங்கிய பிறகு, முகம் உப்பிய பிறகு, பெரியப்பா ஆங்கில மருத்துவத்தின் பக்கவிளைவுக்குப் பயந்து லேகியத்துக்கு மாறினார். டயாலிசிஸ் போட்டால் திரும்ப முடியாது என்று தெருவே சொல்லியது. போட்டதால் செத்தவர்களைத் தெரு எண்ணி வைத்திருந்தது. போடாமல் செத்தவர்களை ஆயுசு முடிந்தவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டது. செல்போனில் ஒரு தாடிக்காரர், கிரியேட்டினினை இருபத்தொரு நாளில் இறக்கிக் காட்டுகிறேன் என்றார். பின்னணியில் புல்லாங்குழல், முன்னணியில் வங்கிக் கணக்கு எண்.

மூலிகை என்றாலே சாது என்று நினைக்கிற நம்முடைய நம்பிக்கைக்கு ஒரு செடி சாட்சி. ஆடுதீண்டாப்பாளை. அந்தச் செடியின் குடும்பத்தில் அரிஸ்டலோகிக் அமிலம் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடம்பு மெலிவதற்கென்று கொடுத்த மாத்திரையில் இந்த இனத்துச் சீன மூலிகை கலந்து, பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள், சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் முன்னோர் செடிக்குப் பெயர் வைக்கும்போதே ஆடுகூடத் தீண்டாது என்று எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிற நாம் அந்தப் பெயரை மட்டும் படிக்கவில்லை. பாதரசக் கதையும் தனியே இருக்கிறது. பாரம்பரிய மருந்து என்று வாங்கிச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் புரதம் கொட்டுவதை மருத்துவர்கள் கவனித்து, அந்த மருந்துகளில் பாதரசம் இருந்ததை எழுதினார்கள். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் முகத்தை வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்களுக்கு அதே வகை நோய், அதிலும் பாதரசம். கருப்பாக இருப்பது நோய் என்று நம்ப வைத்து, அதற்கு மருந்தாக உண்மையான நோயை விற்கிற வியாபாரம் அது. தேர்ந்த சித்த மருத்துவர்கள் இதைப் படித்துக் கோபப்பட வேண்டும். என் மேல் இல்லை, தங்கள் பெயரை வாடகைக்கு எடுத்திருக்கிற புல்லாங்குழல்காரர்கள் மேல்.

ஆனால் இத்தனையும் சொந்தமாக வாங்கி விழுங்கியவர்களின் கதை. விழுங்காமலே சிறுநீரகம் போகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். கூட்டத்தின் பின்பாதி முழுக்க அவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்: உப்பளத்துப் பெண்கள். குட்டியானையில் ஏற்றி வந்திருந்தார்கள். ஆளுக்கு இருநூறு ரூபாய், ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சாதம்.

குஜராத்துக்கு அடுத்தபடி இந்த நாட்டுக்கு உப்புப் போடுவது தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு தூத்துக்குடிச் சீமை. பாத்தியில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பு அந்த வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். நிழலுக்கு மரம் இல்லை, உப்பில் மரம் வளராது. குடிதண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோனால் உண்டு. மறைவிடம் கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரம் சமதளம். ஆண்கள் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்டதுண்டா? தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். விடிகாலை முதல் உச்சிவரை, வியர்வை ஆறாக ஓட, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல். பிறகு தலைவலி. தலைவலிக்குச் செட்.

வெயிலில் தினமும் வற்றி வற்றிச் சிறுநீரகம் வாடும் என்பது யூகம் என்று இனியும் தள்ள முடியாது. நிகராகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டும் இளைஞர்கள், சர்க்கரையும் இல்லை அழுத்தமும் இல்லை, சிறுநீரகம் செத்து ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். இலங்கையின் வடமத்திய மாகாண விவசாயிகள், ஆந்திரத்தின் உத்தானம் பகுதி மக்கள் என்று பட்டியல் நீள்கிறது. அங்கெல்லாம் பூச்சிமருந்தா, தண்ணீரில் கரைந்த ஏதோ ஒன்றா, வெயிலா என்ற வாதம் இன்னும் ஓடுகிறது. நம் உப்பளங்களிலும் ஆய்வாளர்கள் வந்து வெப்பத்தை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்களைக் கண்டு எழுதினார்கள். மத்திய அமெரிக்காவில் தோட்ட முதலாளிகளிடம் கேட்டது மூன்றே விஷயம்: தண்ணீர், ஓய்வு, நிழல். நாம் நான்காவதாக ஒரு கதவு வைத்த கழிவறை கேட்க வேண்டியிருக்கிறது. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்காரலாம் என்று சொல்வதற்கே 2021-இல் இந்த மாநிலம் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. உட்காருவதற்குச் சட்டம் தேவைப்பட்ட ஊரில் ஒதுங்குவதற்கு எத்தனை ஆண்டு ஆகும்? 1930-இல் உப்பு அள்ளச் சத்தியாகிரகிகள் நடந்து வந்த வேதாரண்யத்தில் நினைவுத் தூண் நிற்கிறது. உப்பு அள்ளினவர்களுக்குத் தூண் கட்டினோம். அள்ளிக்கொண்டிருப்பவளுக்கு நான்கு சுவர் கட்டவில்லை.

இவளுக்குத்தான் மருத்துவமனைச் சுவரொட்டி, ‘உப்பைக் குறையுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்கிறது.

மேடையில் ஆறாவது பேச்சாளர், “இனி எந்தக் கவலையும் இல்லை, இயந்திரம் வந்துவிட்டது” என்று முழங்கினார். பெரியப்பா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். இயந்திரம் வந்த பிறகு அவருக்கு என்னென்ன கவலை என்று எனக்குத் தெரியும். ரத்தம் ஊறாது, ஊசி போட்டால்தான் ஊறும், ஏணிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பாஸ்பரஸ் சேர்ந்து தோல் முழுக்க அரிப்பு, இரவெல்லாம் முதுகைக் கதவு நிலையில் தேய்ப்பார். எலும்பு சுண்ணாம்பு இழந்து நொறுங்கும். இரண்டு முறைக்கு நடுவில் குடித்த நீரெல்லாம் உடம்பிலேயே தங்கும், நுரையீரலில் ஏறினால் படுக்க முடியாது. அதனால் நாளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாக அளந்து குடிக்கிறார், சித்திரை வெயிலில் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்கிறார். நாலு மணி நேரம் அவரைச் சுத்தம் செய்ய இயந்திரம் குடிப்பது 120 லிட்டர். நோயாளிகளில் பலர் டயாலிசிஸ்வரைகூட வந்து சேர்வதில்லை, சிறுநீரக நோய் முதலில் இதயத்தை அடித்துவிடும். பொட்டாசியம் ஏறினால் இதயம் சொல்லாமல் நின்றுபோகும். இது தெரியாமல் சொந்தக்காரர்கள் அன்போடு பார்க்க வருகிறார்கள், கையில் இளநீரும் சாத்துக்குடியும் வாழைப்பழமும். பொட்டாசியத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, குடித்து முடிக்கிறவரை விடாமல் உபசரிப்பார்கள். பெரியம்மா இப்போது வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு அவர்களுக்கே வெட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள்.

இந்த இயந்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. செயற்கைச் சிறுநீரகத்தை நடைமுறைக்கு ஏற்றபடி முதலில் ஓட வைத்தவர் வில்லெம் கோல்ஃப், நெதர்லாந்தின் ஒரு சிற்றூரில், 1943-இல், ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது. கறி திணிக்கிற செல்லோபேன் உறையைச் சுழலும் உருளையில் சுற்றிச் செய்தார். அவருடைய ஆரம்ப நோயாளிகள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1945-இல் பிழைத்தெழுந்த முதல் ஆள் 67 வயதுப் பெண், நாஜிகளின் ஆதரவாளர் என்று ஊரே வெறுத்தவர். கோல்ஃப் அவரிடம் கட்சி அட்டை கேட்கவில்லை. இதை முன்வரிசைக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட எனக்கு ஆசை.

1960-களில் அமெரிக்காவின் சியாட்டிலில் இயந்திரம் குறைவு, ஆள் அதிகம். யாருக்கு டயாலிசிஸ், யாருக்குச் சாவு என்று முடிவு செய்ய ஊர்ப் பொதுமக்களில் ஏழு பேரைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். வக்கீல், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி என்று. பத்திரிகையில் விஷயம் வந்ததும் உலகமே அதிர்ந்தது. நமக்கு அப்படிப்பட்ட குழுவெல்லாம் கிடையாது. காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசம். எங்களுக்கு முடிவு சொல்வது காலை ஐந்து நாற்பது பஸ். அது வந்தால் மாவட்டத் தலைநகருக்குப் போகலாம், வராவிட்டால் அந்த முறை போயிற்று. வாரத்துக்கு மூன்று முறை போட வேண்டும் என்கிறது மருத்துவம். துணைக்கு ஒரு ஆளின் கூலி போகும், ஆட்டோ, சாப்பாடு. ஆகையால் வாரத்துக்கு இரண்டு. இந்தியாவில் பெரும்பாலோருக்கு இரண்டுதான். மூன்றை இரண்டாக்கியது எந்தக் குழு என்று ஒரு பத்திரிகையும் கேட்டதில்லை.

இதிலிருந்து தப்ப மாற்றுச் சிறுநீரகம் என்றொரு வழி. இந்தியாவில் அது 1971-இல் வேலூர் சி.எம்.சி.-யில் முதலில் கைகூடியது. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவதற்கு 2008-இல் தமிழ்நாடு ஒழுங்கான ஏற்பாடு செய்து நாட்டுக்கே வழி காட்டியது, பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். மற்றபடி குடும்பத்தில் யார் கொடுப்பது என்று கேட்டால், அம்மா, மனைவி, அக்கா. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்றுகளில் 29,000-க்கும் மேல் ஆண்களுக்குப் போயின, 7,000-க்கும் குறைவாகப் பெண்களுக்கு. உயிரோடு கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சமையலறையில் நடப்பதுதான் அறுவை அரங்கிலும் நடக்கிறது. நல்ல துண்டு அவருக்கு.

சொந்தத்தில் கிடைக்காதவனுக்குக் காசு இருந்தால் வேறு வழி உண்டு. வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று ஒரு காலத்தில் பட்டப்பெயர். 1994-இல் சட்டம் வந்தது, உறுப்பை விற்கக் கூடாது. ஆனால் அன்பின் காரணமாகவோ பற்றின் காரணமாகவோ சொந்தமில்லாதவரும் கொடுக்கலாம், ஒரு குழு அனுமதித்தால். அன்றிலிருந்து இந்த மாநிலத்தின் ஏழைகளுக்கு முன்பின் தெரியாத பணக்காரர்கள்மேல் தீராத அன்பு பொங்க ஆரம்பித்தது. தறி ஓட்டுகிறவனுக்கு வேறு மாநிலத்து ஆலை முதலாளிமேல் பாசம். அதுவும் வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கிற மாதமாகப் பார்த்து. குழு அந்தப் பாசத்தைக் கண்ணீரோடு விசாரித்துக் கையெழுத்துப் போட்டது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைப் பார்த்து 2002-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஆய்வு வெளியானது. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 டாலர். ஆய்வு நடக்கும்போதும் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்படியே இருந்தது, குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் உடல்நலம் கெட்டுவிட்டது என்றார்கள். இதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்ல ஆசைதான். 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர்கள் வழியாகப் போன செய்தி வெளியே வந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் செட் மாத்திரையும் வெயிலும் கொடுத்து ஏழையின் இரண்டு சிறுநீரகத்தையும் கெடுக்கிறோம். கெடாமல் மிஞ்சியதை விலை பேசுகிறோம்.

பதினோராவது பேச்சாளர் முடித்தபோது மணி ஒன்றரை. ரிப்பன் வெட்டப்பட்டது. கத்தரிக்கோல் மழுங்கலாக இருந்ததால் மூன்று முறை வெட்ட வேண்டியிருந்தது, மூன்றையும் படம் எடுத்தார்கள். ஐந்து இயந்திரங்களுக்கும் குங்குமம் வைத்தார்கள். நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி இன்னும் வரவில்லை, டெக்னீஷியன் பணியிடத்துக்குக் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது, அடுத்த மாதம் தொடங்கிவிடும் என்று யாரோ பெரியப்பாவிடம் சொன்னார்கள். “அதுவரைக்கும் அஞ்சு நாப்பது பஸ்தான்” என்றார் அவர்.

உப்பளத்துப் பெண்களில் ஒருத்தி என்னிடம் வந்து, இங்கே ஒதுங்க இடம் எங்கே என்று கேட்டாள். கட்டடத்தின் பின்பக்கம் புதிதாக டைல்ஸ் ஒட்டிய கழிவறை ஒன்று இருந்தது. பூட்டியிருந்தது. வி.ஐ.பி.-க்காகத் திறந்தது, இப்போது சாவி ஒன்றியச் செயலாளரோடு போய்விட்டது என்றார் காவலாளி.

குட்டியானை கிளம்பிப் போனபின் பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்க வந்தார்கள். காலையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த தண்ணீர் பாக்கெட்டுகள், 2019-லேயே தடை செய்யப்பட்டவை, பின்வரிசை நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.